திரும்பி வந்தவன் கணக்கு எங்கே?

அக்கரைச் சீமைக்கு ஆள் அனுப்பிய வெள்ளைக்காரன், அனுப்பும்போது ஒழுங்காகத்தான் கணக்கு எழுதினான். நாகப்பட்டினம் டிப்போவிலும் ஆவடி டிப்போவிலும் தடித்த தடித்த பேரேடுகள் இருந்தன. உன் பெயர் என்ன? அப்பன் பெயர் என்ன? எந்த ஊர், எந்தத் தாலுகா, எந்த ஜில்லா? வயது எத்தனை? அம்மை குத்தியாயிற்றா? மாடு வாங்குகிறவன் பல்லைப் பிடித்துப் பார்ப்பானே, அந்த அக்கறையோடு எழுதினான். ‘சேலம் ஜில்லா, நாமக்கல் தாலுகா’ என்று அந்த ஏடுகளில் எத்தனை எத்தனை வரிகள்!

போனவன் கணக்கு அது. வந்தவன் கணக்கு? அமைதிக் காலத்தில் அவனையும் துறைமுகத்தில் எண்ணித்தான் இறக்கினார்கள். போர் வந்தது, தோழர்களே! எண்ண வேண்டியவனே முதல் கப்பலில் ஏறி ஓடிவிட்டான். அன்று தொடங்கியது நம்மவனின் நெடும்பயணம். காட்டிலும் சேற்றிலும் வீட்டை நோக்கி நடந்தான், தவழ்ந்தான், விழுந்தான். அந்தப் பயணத்துக்குப் பேரேடு கிடையாது. விழுந்தவனுக்குக் குழி கிடையாது. குழி கிடைத்தவனுக்கும் பெயர்ப்பலகை கிடையாது.

ஏன் போனான் என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. சொந்த மண்ணில் கஞ்சியோ கூழோ குடித்துக் கிடக்கக் கூடாதா என்று திண்ணையில் சாய்ந்தபடி கேட்பார்கள். அந்தக் கஞ்சிக்கும் கூழுக்கும் வழி இல்லாததால்தானய்யா போனான்! சேலம் ஜில்லா வானம் பார்த்த பூமி. சோளமும் கம்பும் ராகியும் மழை பெய்தால் உண்டு. பெய்யாவிட்டால் பட்டினி உண்டு. 1876 முதல் 1878 வரை அடித்த தாது வருடப் பஞ்சத்தில் இந்த ஜில்லா பட்ட பாடு கொஞ்சமல்ல. 1871இல் எடுத்த மக்கள் கணக்கையும் 1881இல் எடுத்த கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒருவரைக் காணோம். செத்தவர் பலர், ஊரைவிட்டே போனவர் பலர். 1934இல் மேட்டூர் அணை எழுந்தது. அணை நம் ஜில்லாவில், தண்ணீரோ தஞ்சைக்கு! (தஞ்சைத் தோழர்கள் கோபிக்க வேண்டாம். அவர்கள் விளைவித்த நெல்லை நாமும் தின்றோம்.)

இந்த வறட்சியை நம்பித்தான் கங்காணி வந்தான். குடை பிடித்து வந்தான், கடிகாரம் கட்டி வந்தான், கடன் கொடுக்க வந்தான். மரத்தைக் கீறினால் பால் வடியும், பாலைக் காய்ச்சினால் பணம் கொட்டும் என்று பேசினான். திருச்சி, தஞ்சை, வடஆர்க்காடு ஆகிய ஜில்லாக்களோடு சேலமும் மலேயா ரப்பர்த் தோட்டங்களுக்கு ஆள் பிடிக்கும் இடமாயிற்று. 1926க்குப் பிறகு போனவர்களுக்கு ‘ரஜுலா’ என்ற கப்பலைத் தெரியும். அந்தக் கப்பலின் பெயர் தெரியாத தோட்டத் தமிழன் அந்நாளில் அபூர்வம். 1938இல், கூலியைக் குறைத்த தோட்ட முதலாளிகளோடு மல்லுக்கு நின்று, தோட்டக் கூலி அனுப்புவதை இந்திய அரசு நிறுத்தியது. அதற்குள் போனவர்கள் போனவர்களே.

1941 டிசம்பர் 8. ஜப்பானியர் மலேயாவில் இறங்கினர். பினாங்கில் குண்டு விழுந்தது. அடுத்த சில நாட்களில் அந்தத் தீவில் நடந்ததை வெள்ளையர் எழுதிய வரலாறுகளே வெட்கத்தோடு ஒப்புக்கொள்கின்றன. டிசம்பர் நடுவில், இரவோடு இரவாக, சத்தமில்லாமல், வெள்ளையர் அனைவரும் கப்பலேற்றப்பட்டனர். தமிழனுக்கும் சீனனுக்கும் மலாய்க்காரனுக்கும் சேதிகூடச் சொல்லவில்லை. பொழுது விடிந்தது. துரை இல்லை, துரைசாணி இல்லை, துறைமுகத்தில் கப்பல் இல்லை. நூற்றைம்பது ஆண்டு காலம் ‘உன்னைக் காப்பவன் நான்’ என்று மார் தட்டியவன், காக்க வேண்டிய அந்த ஓர் இரவில் காணாமற் போனான்!

1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. தமிழ்நாட்டுக்குக் கப்பல் இல்லை, கடிதம் இல்லை, தந்தி இல்லை. ராசிபுரத்திலும் பரமத்தியிலும் திருச்செங்கோட்டிலும் பெண்கள் தபால்காரனைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்தார்கள். மூன்றரை ஆண்டு!

மலேயாவில் இருந்தவனுக்கு நடுவில் கடல். பர்மாவில் இருந்தவனுக்குத் தரைவழி இருந்தது. இருந்தது என்றா சொன்னோம்? மலையும் காடும் வெள்ளமும் இருந்தன. அவற்றின் ஊடே அவன் வழி செய்துகொண்டான்.

ரங்கூன் அப்போது பாதிக்கு மேல் இந்தியரின் ஊர். 1931 கணக்கின்படி நான்கு இலட்சம் மக்களில் இரண்டு இலட்சத்துப் பன்னிரண்டாயிரம் பேர் இந்தியர். பர்மா முழுவதிலும் பத்து இலட்சத்துக்கு மேல். இவர்களில் தெலுங்கர் உண்டு, வங்காளியர் உண்டு, ஒரியர் உண்டு. தமிழரில் இராமநாதபுரம், தஞ்சைப் பக்கத்தார் மிகுதி. சேலத்தார் பெரும்பாலும் மலேயாவுக்கே போனார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நடந்த கால்களுக்கு ஜில்லா ஏது?

1941 டிசம்பர் 23இல் ரங்கூன் மீது குண்டு விழுந்தது. இரண்டு நாள் கழித்துக் கிறிஸ்துமஸ் அன்று மறுபடி விழுந்தது. மாண்டவர்கள் பெரும்பாலும் துறைமுகத்திலும் தெருவிலும் திறந்த வெளியில் வேலை செய்த ஏழைகள். கூட்டம் கூட்டமாக மக்கள் பிரோம் சாலையில் நடந்தார்கள். அதிகாரிகளுக்கு வந்த கவலை என்ன தெரியுமா? இவர்கள் என்ன ஆவார்கள் என்பதன்று. இவர்கள் போய்விட்டால் மூட்டை யார் சுமப்பது, கப்பலில் வந்த தளவாடத்தை யார் இறக்குவது, தெருவை யார் கூட்டுவது என்பதுதான்! நயமாகப் பேசிப் பலரைத் திருப்பி அழைத்து வந்தார்கள். பிறகு 1942 மார்ச் 8இல் ஜப்பானியர் ரங்கூனுக்குள் நுழைந்தபோது, திருப்பி அழைத்தவர்கள் அங்கே இல்லை.

பிரோமிலிருந்து டாங்கப் கணவாய் வழியாக அரக்கான் கடற்கரை, அங்கிருந்து சிட்டகாங். இது ஒரு வழி. மாந்தளைக்குப் போய், சிந்துவின் ஆற்றைக் கடந்து, டாமு, பிறகு மணிப்பூர் மலை, இம்பால், திமாப்பூர் ரயிலடி. இது இன்னொரு வழி. இரண்டும் அடைபட்ட பின்னர், வடக்கே ஹூக்காங் பள்ளத்தாக்கு வழியாக அசாமின் லீடோ. இது மிகக் கொடியது, ஏனென்றால் அதற்குள் மழைக்காலம் வந்துவிட்டது. முழங்கால் சேறு, அட்டைப் பூச்சி, காலரா, மலேரியா. குழந்தையைத் தோளில் சுமந்தவன் எதுவரை சுமப்பான்? கிழவியைக் கைப்பிடித்து நடத்தியவன் எதுவரை நடத்துவான்? நான்கு இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இந்த வழிகளில் இந்தியா வந்து சேர்ந்தார்கள் என்று கூறுவர். வராமலே போனவர் பத்தாயிரம் என்பாரும் உண்டு, ஐம்பதாயிரம் என்பாரும் உண்டு, அதற்கு மேல் என்பாரும் உண்டு. பத்துக்கும் ஐம்பதுக்கும் நடுவே நாற்பதாயிரம் மனிதர்கள், நண்பர்களே! கோழிப் பண்ணையில் நாற்பது குஞ்சு குறைந்தால் நாமக்கல்லில் மேலாளனைக் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள்.

அந்தச் சாவின் பாதையிலும் நிறம் இருந்தது! வசதியான வழி ஒன்று, வசதியற்ற வழி ஒன்று. வெள்ளையருக்கும் அவரைச் சார்ந்தோருக்கும் முதலாவது, கறுப்பருக்கு மற்றது. ‘வெள்ளை வழி, கறுப்பு வழி’ என்று மக்களே பெயர் வைத்தார்கள். வைசிராயின் நிர்வாக சபையில் கடல் கடந்த இந்தியருக்குப் பொறுப்பாக இருந்த எம்.எஸ். ஆனேயும், பண்டித குன்ஸ்ருவும் எல்லைக்கே போய்ப் பார்த்தார்கள். 1942 ஏப்ரல் கடைசியில் அலகாபாத்தில் கூடிய காங்கிரஸ் கமிட்டி இந்தப் பாகுபாட்டைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. தீர்மானம் போட்டவர்கள் காங்கிரசார் என்பதால் நாம் அதைச் சொல்லாமல் விடப் போவதில்லை. நியாயம் யார் பேசினாலும் நியாயம்தான். அசாமில் அந்த அகதிகளுக்குப் பாதை வெட்டியதும் முகாமில் கஞ்சி காய்ச்சியதும் தேயிலைத் தோட்ட முதலாளிகளின் சங்கம் அனுப்பிய ஆட்கள். முதலாளிகள் பெயர் அறிக்கைகளில் இருக்கிறது. மண்வெட்டி பிடித்தவர்கள் தோட்டக் கூலிகள். ஓடி வந்த கூலியைக் காத்ததும் கூலியின் கைதான்!

இனி, சேலத்தானின் கதைக்கு வருவோம். பர்மாக்காரன் வீட்டை நோக்கி நடந்தான். மலேயாக்காரனையோ, வீட்டுக்கு நேர் எதிர்த் திசையில் இழுத்துப் போனார்கள்.

சயாமிலிருந்து பர்மாவுக்கு ரயில் போட ஜப்பானியர் முடிவு செய்தார்கள். 415 கிலோமீட்டர். காடு, பாறை, ஆறு. 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் இரண்டு முனையும் சேர்ந்துவிட்டது. வேலையில் அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள். அவர்களில் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் மாண்டனர். இது உலகத்துக்குத் தெரியும். இதை வைத்துப் படம் எடுத்தார்கள், பரிசு வாங்கினார்கள், சீட்டி அடித்துக்கொண்டே அணிவகுத்துப் போனார்கள். ஆனால் அந்தப் பாதையில் கைதிகளைப் போல மூன்று மடங்குக்கு மேல் ஆசியத் தொழிலாளிகள் இருந்தார்களே! பர்மியர், ஜாவாக்காரர், மலாய்க்காரர், சீனர், தமிழர். மலேயாவிலிருந்து மட்டும் ஏறத்தாழ எழுபத்தைந்தாயிரம் பேர், அதில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். ஆசியத் தொழிலாளிகளில் மாண்டவர் தொண்ணூறாயிரம் அல்லது அதற்கும் மேல் என்பது பொதுவான மதிப்பு. அந்தப் படத்தில் நம்மவன் எங்கே? தேடிப் பாருங்கள்.

ரப்பர் விற்காமல் தோட்டங்கள் கிடந்தன. அரிசி இல்லை, மரவள்ளிக் கிழங்கே சோறு. அப்போது சொன்னார்கள்: மூன்று மாத வேலை, நல்ல கூலி, சாப்பாடு உண்டு. பிழைப்புக்காகக் கடல் கடந்தவன், பிழைப்புக்காகவே சரக்கு வண்டியிலும் ஏறினான். போதுமான ஆள் சேராதபோது தோட்டத்துக்கு இத்தனை தலை என்று பங்கு வைத்துப் பிடித்தார்கள். மூடிய சரக்குப் பெட்டிகளில் நாள் கணக்கில் பயணம், பான்போங் ரயிலடியில் இறக்கம், அங்கிருந்து காட்டுக்குள் நடை.

ஒரு கேள்வியை மட்டும் தொழிலாளத் தோழர்கள் நின்று சிந்திக்க வேண்டும். ஒரே காடு, ஒரே காலரா, ஒரே ஜப்பானியத் தடி. வெள்ளைக் கைதி ஐந்தில் ஒருவன் செத்தான். தமிழன் ஏன் அதைவிட மிகுதியாகச் செத்தான்? தமிழன் உடம்பு இளைத்ததா? தோட்டத்தில் மரம் வெட்டிக் காய்த்த உடம்பு அது! காரணம் வேறு. கைதிகளோடு அவர்களின் அதிகாரிகள் இருந்தார்கள், மருத்துவர்கள் இருந்தார்கள். மருந்து இல்லாவிட்டாலும் தண்ணீரைக் காய்ச்சிக் குடி என்று கட்டளையிட ஆள் இருந்தது, கழிவுக்குழி வெட்டு என்று சொல்ல ஆள் இருந்தது, செத்தவன் பெயரைத் திருட்டுத்தனமாகவாவது காகிதத்தில் குறித்து மூங்கிலில் ஒளித்துவைக்க ஆள் இருந்தது. அது ஓர் அமைப்பு. நம்மவன் தனித்தனி ஆளாகப் போனான். குடும்பம் குடும்பமாகவும் போனான். கட்டிக் காக்கத் தலைமை இல்லை, வைத்தியன் இல்லை, கணக்குப் பிள்ளை இல்லை. காலரா வந்த முகாமில் உயிர் உள்ளவன் ஓடினான், ஓட முடியாதவன் கிடந்தான். சங்கம் எதற்கு, சந்தா எதற்கு என்று கேட்கிறவன் சயாம் காட்டைப் பற்றிப் படிக்கட்டும்.

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. கைதிகளை அழைத்துப் போக விமானம் வந்தது, மருத்துவமனைக் கப்பல் வந்தது. தமிழன் முகாமில் காத்திருந்தான். முதலில் மலேயாத் தோட்டத்துக்குத் திரும்பினான். அங்கே பெண்டாட்டி செத்திருப்பாள், அல்லது இவன் செத்துவிட்டான் என்று நம்பி வேறொருவனோடு வாழ்ந்துகொண்டிருப்பாள். அவளைக் குறை சொல்ல எந்த ஆணுக்கும் வாய் கிடையாது. பலர் அங்கேயே தங்கினார்கள். மறுபடி கப்பல் ஓடத் தொடங்கியதும் சிலர் நாகப்பட்டினத்தில் வந்து இறங்கினார்கள். திருச்சி வழியாகக் கரூர் வரை ரயில். பிறகு? கரூரையும் சேலத்தையும் இணைத்து நாமக்கல் வழியாக ரயில் ஓடியது 2013இல்! அதனால் மோகனூர்ப் பக்கத்தான் காவிரியைப் பரிசலில் கடந்து, ஊருக்கு நடந்தான். ஊரிலே அவனுக்குக் கருமாதி முடிந்திருக்கும். மகள் பூ வைக்காமல், மனைவி பொட்டு வைக்காமல் இருப்பார்கள். உயிரோடு வந்தவனைப் பார்த்துப் ‘பேய்’ என்று கதவடைத்த கதைகள் நம் பக்கத்துக் கிராமங்களில் இன்றும் சிரிப்புக் கதையாகச் சொல்லப்படுகின்றன. நமக்குச் சிரிப்பு வரவில்லை. செத்ததற்குச் சான்று ஒன்றும் இல்லாமலே ஒரு பெண்ணின் தாலியை அறுக்கத் தயாராய் இருந்த ஊர், வந்தவன் கண் முன்னே நின்றும் நம்பத் தயாராய் இல்லை. சாத்திரம் அவ்வளவு சுறுசுறுப்பு!

இழப்பீடு? 1952 ஜூன் 9இல் டில்லி அரசு ஜப்பானோடு தனியாகச் சமாதான ஒப்பந்தம் செய்தது. போர் இழப்பீடு கேட்கும் உரிமை அனைத்தையும் விட்டுக்கொடுத்தது. பெருந்தன்மை என்று உலகம் பாராட்டியது. பெருந்தன்மைதான், மறுக்கவில்லை. தோற்றுப்போன ஒரு ஆசிய நாட்டைப் பிழிய வேண்டாம் என்ற எண்ணம் உயர்ந்த எண்ணம்தான். ஆனால் யாருடைய முதுகெலும்பை எடுத்து அந்தத் தானம் செய்யப்பட்டது என்பதை ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா? சயாமில் புதைந்தவனின் தாய், சேலம் ஜில்லாவில் ஏதோ ஒரு குடிசையில் அன்றும் உயிரோடு இருந்தாளே!

காஞ்சனபுரியில் நேச நாட்டுப் போர்வீரர் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. புல் வெட்டி, பூ வளர்த்து, ஏறத்தாழ ஏழாயிரம் கல்லறைகளைப் பேணுகிறார்கள். நன்றாகப் பேணட்டும், அவர்களும் தாய் பெற்ற பிள்ளைகளே. நம்மவனுக்கு 2023இல்தான் அந்த ஊரில் தமிழர்கள் ஒரு நடுகல் நாட்டினார்கள். எண்பது ஆண்டு கழித்து! 1965 வரை சேலம் ஜில்லாவில் இருந்த தருமபுரிப் பக்கம், ஆடுமாடு மீட்கப் போய்ச் செத்தவனுக்குக்கூட ஆயிரம் ஆண்டுக்கு முன் பெயர் பொறித்துக் கல் நட்ட மண். அந்தக் கல்லில் பெயர் இருக்கும், எந்த ஊர்த் தொறு என்றும் இருக்கும். சயாம் நடுகல்லில் பெயர்களை எங்கிருந்து எழுதுவது? மலேசியாவில் ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ என்று நாவல் எழுதினார். அங்கே நினைவாவது இருக்கிறது. ஆள் அனுப்பிய ஜில்லாவில்?

இப்போது 1990க்கு வருவோம். அந்த ஆண்டு ஆகஸ்ட் 2இல் ஈராக் படை குவைத்துக்குள் புகுந்தது. குவைத்தில் அப்போது ஒன்றரை இலட்சத்துக்கு மேல் இந்தியர்கள். குவைத் தினார் செல்லாக்காசு ஆயிற்று. வெளியேற ஒரே வழி, பஸ்ரா, பாக்தாத், பிறகு பாலைவனம் கடந்து ஜோர்டானின் அம்மான் நகரம். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல்.

நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறை ஒன்றில், கூட்டம் முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, அந்த வழியே வந்த ஒரு பெரியவரிடம் பேசினோம். அங்கே கனரக வண்டி ஓட்டியவர். இப்போது பேரப்பிள்ளை எடுத்துவிட்டார்.

“ரெண்டு பொட்டி இருந்துச்சுங்க தம்பி. ஒண்ண பஸ்ஸுக்காரனுக்குக் குடுத்தேன், இன்னொண்ண தண்ணிக்குக் குடுத்தேன். பாஸ்போர்ட்டு மொதலாளிகிட்ட மாட்டிக்கிச்சு. அவன் எங்க போனான்னே தெரியலீங்க. எம்பசியில ஒரு காயிதம் எழுதிக் குடுத்தாங்க. அத மட்டும் பனியனுக்குள்ள வெச்சுத் தெச்சுக்கிட்டேன்” என்றார்.

எல்லைக் கூடாரத்தில் எத்தனை நாள் என்று கேட்டோம். பன்னிரண்டு இரவு என்றார். பகல் கணக்கு நினைவில்லை, வெயில் மட்டும் நினைவிருக்கிறது என்றார்.

ஆகஸ்ட் 13 முதல் அக்டோபர் 11 வரை விமானங்கள் அம்மானுக்கும் பம்பாய்க்கும் பறந்தன. 488 பயணங்கள், ஒரு இலட்சத்துப் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள். பயணிகள் விமானத்தில் இவ்வளவு பெரிய மீட்பு அதற்கு முன் உலகில் நடந்ததில்லை. டில்லியில் அப்போது வி.பி. சிங் அரசு. வெளியுறவு அமைச்சர் ஐ.கே. குஜ்ரால் பாக்தாத் போய்ச் சதாம் உசேனைச் சந்தித்தார். சதாம் அவரைத் தழுவிக்கொண்ட படம் ஏடுகளில் வந்தது. மேனாட்டார் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டுமே! ஒரு தழுவலில் ஒரு இலட்சம் தொழிலாளி வீடு சேர்வான் என்றால் நூறு தழுவல் தழுவலாம்.

1942இல் கறுப்பு வழி, 1990இல் வானவழி. இந்த நாற்பத்தெட்டு ஆண்டில் அதிகாரிகளின் நெஞ்சு இளகிவிட்டதா? நாம் அப்படி நினைக்கவில்லை. 1942இல் ரங்கூன் மூட்டைக்காரனுக்கு ஓட்டு கிடையாது. அவன் அப்பனுக்கும் கிடையாது. சொத்தும் வரியும் உள்ளவனுக்கே அன்று வாக்கு. 1990இல் குவைத்துத் தொழிலாளியின் வீட்டில் நான்கு ஓட்டு இருந்தது. அந்த வீடு சட்டமன்ற உறுப்பினர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தது, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்தது, நாடாளுமன்றத்தில் கேள்வியாகப் போய் நின்றது. விமானத்தை ஓட்டியவர்களின் துணிவும் அதிகாரிகளின் உழைப்பும் பெரியவை, ஐயமில்லை. ஆனால் அந்த விமானத்துக்கு எண்ணெய் ஊற்றியதில் வாக்குச் சீட்டுக்கும் பங்கு உண்டு.

இன்னொரு வேறுபாடு காகிதம். ஐக்கிய நாடுகள் சபை ஜெனீவாவில் ஓர் இழப்பீட்டு ஆணையம் வைத்தது. ஈராக்கின் எண்ணெய் வருவாயில் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டது. குவைத்தைவிட்டு ஓடிவந்த தனி ஆளுக்கு 2,500 டாலர், வேறு பிரிவில் கேட்காவிட்டால் 4,000 டாலர். குடும்பத்துக்கு அதில் இரட்டிப்பு. பெரிய நிறுவனங்கள் வரிசையில் பின்னால் நிற்க, முதலில் இந்தச் சிறிய கோரிக்கைகளைத் தீர்த்தார்கள். 2022இல் கடைசித் தவணை முடிந்தபோது மொத்தம் 5,240 கோடி டாலர் கொடுக்கப்பட்டிருந்தது. நம் பெரியவர் பனியனுக்குள் தைத்து வைத்திருந்த காகிதம் அப்போதுதான் வேலை செய்தது. “சில வருசம் கழிச்சு வந்துச்சுங்க. ஏஜெண்டுக் கடன் பாதி அடைஞ்சுது” என்றார். பாதிதான்! போகும்போது வாங்கிய கடனுக்கு வட்டி, போர் நடக்கிறது என்று நிற்பதில்லை.

குவைத்தோடு முடிந்துவிடவில்லை. 2011இல் லிபியா, 2015இல் ஏமன், 2023இல் சூடான். சூடான் மீட்புக்குக் ‘காவேரி’ என்று பெயர் சூட்டினார்கள். 3,800க்கும் மேற்பட்டோர் வந்தனர். கார்ட்டூமிலிருந்து போர்ட் சூடான் துறைமுகம் எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல். பேருந்துக்காரன் கேட்ட பணத்தைக் கொடுத்து, அந்தத் தூரத்தைக் கடந்துதான் கப்பலைக் கண்டார்கள். மீட்பு என்பது துறைமுகத்தில் தொடங்குகிறது. துறைமுகம் வரை வருவது அவனவன் பாடு.

எல்லாரையும் கொண்டுவந்துவிட்டோமா? 2014 ஜூனில் ஈராக்கின் மோசூல் நகரில் இந்தியக் கட்டடத் தொழிலாளிகளைக் கடத்தினார்கள். பெரும்பாலோர் பஞ்சாபியர். 39 குடும்பங்கள் கிட்டத்தட்ட நான்கு ஆண்டு ஆசையோடு காத்திருந்தன. 2018 மார்ச் 20 அன்று, அவர்கள் இறந்துவிட்டார்கள் என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார்கள். பஞ்சாபித் தாயின் காத்திருப்பும் ராசிபுரத்துத் தாயின் காத்திருப்பும் வேறு வேறா?

பர்மா எல்லைக்கே மறுபடி போனோம் என்றால் நம்புவீர்களா? 2022இல் கணிப்பொறி வேலை, தாய்லாந்தில், கை நிறையச் சம்பளம் என்று கூட்டிப் போன இளைஞர்களை எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடியில் அடைத்து, மோசடி வேலை செய்யச் சொல்லி அடித்தார்கள். உள்நாட்டுப் போர் நடக்கும் நாடு அது. அவர்களில் தமிழர் 13 பேர் அந்த ஆண்டு அக்டோபரில் சென்னை வந்து சேர்ந்தார்கள். அன்று கங்காணி குடையோடு வந்தான். இன்று கைப்பேசியில் வருகிறான்.

இவர்கள் சிக்கிக்கொண்டதன் முடிச்சு எங்கே என்று பாருங்கள். 1983ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு வழி வகுத்தது. பத்தாம் வகுப்பு தேறாதவர், குவைத், ஈராக், லிபியா, சூடான், ஏமன், மலேசியா போன்ற குறிப்பிட்ட நாடுகளுக்கு வேலைக்குப் போனால், குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி பெற வேண்டும். ஒப்பந்தத்தைப் பதிய வேண்டும், காப்பீடு எடுக்க வேண்டும். அலைச்சல்தான், காலதாமதம்தான். அதனால் முகவன் சொல்கிறான்: “சுற்றுலா விசாவில் போய்விடு. அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்.” நம் ஓட்டுநரும் வெல்டரும் போய்விடுகிறார்கள். அந்த நிமிடமே அரசின் ஏட்டில் அவர் தொழிலாளி அல்ல, ஊர் சுற்றப் போனவர்! குண்டு விழும்போது தூதரகத்தின் பட்டியலில் அவர் பெயர் இருக்காது. 1942இல் வெள்ளையன் கணக்கை விட்டு ஓடினான். இன்று ஐம்பதாயிரமோ ஒரு இலட்சமோ வாங்கிக்கொண்டு, முகவன் நம் கையாலேயே நம் பெயரை அடித்துவிடுகிறான்.

எனவே கிளைத் தோழர்களுக்கு இரண்டு வேலை சொல்கிறோம்.

முதல் வேலை, இன்று போகிறவனுக்கு. உங்கள் ஊரிலிருந்து எவன் வெளிநாடு கிளம்பினாலும், மாலை போட்டு வழியனுப்பு விழா நடத்துவதற்கு முன் அவன் விசாவை வாங்கிப் படியுங்கள். வேலை விசாவா, சுற்றுலா விசாவா? ஒப்பந்தத்தின் நகல் வீட்டில் ஒன்று இருக்கிறதா? முகவனுக்கு உரிமம் உண்டா? அயலகத் தமிழர் நல வாரியத்தில் பதிந்தாயிற்றா? இறங்கியதும் தூதரகத்தில் பெயர் கொடுக்கச் சொன்னீர்களா? பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் படம் எடுத்துத் தாயின் கைப்பேசியில் வையுங்கள். முதலாளி பாஸ்போர்ட்டைப் பூட்டிவைத்தாலும் அந்தப் படம் பயன்படும்.

இரண்டாவது, அன்று போனவனுக்கு. நம் ஊர்களில் ‘ரங்கூன்காரர் வீடு’, ‘பினாங்குக்காரர் வீடு’ என்று இன்னும் பெயர் நிற்கிறது. ஆளைத் தெரிந்தவர்கள் மறைந்துகொண்டிருக்கிறார்கள். அன்று ஐந்து வயதில் தோளில் ஏறி வந்த பிள்ளைக்கு இன்று தொண்ணூறை நெருங்கும் வயது. படிப்பகத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிப் போடுங்கள். அந்த வீடுகளுக்குப் போய் உட்கார்ந்து கேளுங்கள். பழைய பெட்டியில் கப்பல் சீட்டோ தோட்டத்துத் துண்டோ இருந்தால் படம் எடுங்கள், எடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். பெயர், தகப்பன் பெயர், ஊர், தாலுகா, போன ஆண்டு, எந்தத் தோட்டம் அல்லது எந்த ஆலை, வந்த ஆண்டு, எந்த வழி என்று எழுதுங்கள். வராதவர் என்றால் அதையும் எழுதி, கடைசிக் கடிதம் எந்த ஆண்டில் வந்தது என்று கேட்டுக் குறியுங்கள். நோட்டு நிறைந்ததும் ஒரு படியை நமக்கு அனுப்புங்கள்; இந்தப் பக்கத்திலேயே, ஊர் வாரியாக, வெளியிடுவோம்.